சூடு ஏறினால் மக்கர்

மந்தைவெளி பஸ் நிலையத்துக்கு எதிரே பூக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தும்போதே தபஸ்ஸும் மாமியாரிடம் சொல்லிவிட்டாள்.

"மாமி, இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கட்டும். சீக்கிரம் வாங்கிட்டு வந்துடுங்க."

ஷாகிரா தலையாட்டினார். அடையாறில் அவருடைய அக்கா பேத்திக்கு நிக்காஹ். கூப்பிட்ட கார் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டது. டி.நகரிலிருந்து வேலை முடித்து, அங்கேயே கல்யாணத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு வெயிலில் வந்த மருமகள் அப்படியே வண்டியைத் திருப்பி அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தாள். அது சாதாரண வண்டி இல்லை. மண்ணிலும் மேட்டிலும் பாய்ந்து போவதற்கென்றே செய்த உயரமான பைக். சாந்தோம் வீட்டு வாசல் படியில் நின்றுதான் ஷாகிரா அதில் ஏறினார். இப்போது இறங்குவதற்கு தபஸ்ஸும் முதலில் இறங்கி, ஸ்டாண்டு போட்டு, அவரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்ட ஷாகிரா, கடைப் பக்கம் நடப்பதற்கு முன் கையை நீட்டிச் சாவியைத் திருகி உருவிக்கொண்டார். இன்ஜின் அடங்கியது.

"மாமி!"

"சும்மா நிக்கிற வண்டி எதுக்கு ஓடணும்? பெட்ரோலு என்ன விலை விக்குது?"

இனி சொல்லிப் பயன் இல்லை. ஷாகிரா பூப்பந்தை முகர்ந்து பார்த்து, முழம் போடும் கையை உற்றுப் பார்த்து, கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு வாங்கி, தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஒரு டீ குடித்து முடித்திருக்கலாம். தபஸ்ஸும் சாவியை வாங்கித் திருப்பி, கிக்கரை ஓங்கி உதைத்தாள். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி ஷாகிராவிடம் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்தாள். ஜரிகைக் கரையை வண்டிச் சங்கிலியிலிருந்து காப்பாற்றுவதே தனி வேலையாக இருந்தது.

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. டீக்கடையிலிருந்து ஒருவர், "பொம்பளைங்களுக்கு இன்னாத்துக்கு இந்த மாரி வண்டி?" என்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

ஷாகிரா அவர் பக்கம் திரும்பினார். "ஏன்? உங்களுக்கு வேணுமா? ஏறத் தெரியுமா?"

அவர் டீ கிளாஸுக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார். ஷாகிரா பூக்காரம்மாவின் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கல்யாணப் பெண் யார், மாப்பிள்ளை வீடு எது என்று எல்லாவற்றையும் அந்தம்மாவிடம் சொல்லத் தொடங்கினார். தபஸ்ஸும் வண்டியின் மேல் சாய்ந்து நின்று, அது ஆறட்டும் என்று காத்திருந்தாள். கதை கல்யாணச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தபோது மீண்டும் உதைத்தாள். ஒரே உதை. ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி உறுமியது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். "வண்டிக்குக் கோவம் வந்துடுச்சு, சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வந்தோம்," என்று ஷாகிரா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். தபஸ்ஸுமும் சிரித்தாள். ஆனால் அவள் கணவன் ஃபராஸுக்குத் தெரியும், அது வேறு சிரிப்பு.

அந்த வண்டி தபஸ்ஸுமிடம் வந்ததே ஒரு கல்யாண ஜாக்கெட்டால்தான். டி.நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்புறம் ஒரு மாடி அறையில் அவள் ஆரி வேலைக் கூடம் வைத்திருந்தாள். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நாள் முழுக்கக் குனிந்து, மணியும் சரிகையும் வைத்துத் தைக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள், அபிராமபுரத்தில் ஒரு வீட்டுக்கு ஜாக்கெட் கொடுக்கப் போனபோது, கார் நிறுத்தும் இடத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்த இந்த வண்டியைப் பார்த்தாள். கல்யாணப் பெண்ணின் அண்ணனுடையது, அவர் வெளிநாடு போய்விட்டாராம். தார்ப்பாயைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்ததுதான், விலை பேசி, ஜாக்கெட் கொடுத்த வீட்டிலிருந்து வண்டியோடு திரும்பினாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் குனிவதில்லை. திருப்போரூர்ப் பக்கம் ஒரு மண் மைதானத்தில், ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, மேட்டில் ஏறிக் குதித்து, புழுதியோடு புழுதியாகச் சுற்றிவிட்டு வருவாள்.

பெண் பார்க்க வந்த அன்று, ஃபராஸோடு தனியாகப் பேசக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"என்கிட்ட ஒரு பைக் இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் விக்கச் சொல்வீங்களா?"

ஃபராஸ் மயிலாப்பூரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு ஓட்டவே தெரியாது. பின்னாடி உக்காந்தாகூட பயத்துல கண்ணை மூடிக்குவேன். பரவாயில்லையா?" என்று கேட்டான்.

அவள் அப்போதே சரி என்று முடிவு செய்துவிட்டாள்.

வண்டியின் இந்தக் கோளாறு ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். சூடு ஏறாதவரை தங்கம். சூடான பிறகு நிறுத்தினால், சில நாள் ஸ்டார்ட் ஆகும், சில நாள் ஆகாது. நடுரோட்டில் நிற்பதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மைதானத்தில் நடந்ததுதான் மனதைக் குடைந்தது. பெண்களுக்கான மண் பந்தயத்தில் பெயர் கொடுத்திருந்தாள். அதற்காகப் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு திருப்பத்தில் சறுக்கி விழுந்தாள். அடி படவில்லை. ஆனால் மணலில் சின்ன கியரிலேயே உறுமிக்கொண்டு வந்த வண்டி நெருப்பாகக் கொதித்தது. நிமிர்த்தி உதைத்தாள். பிடிக்கவில்லை. மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு புழுதி கிளப்பிப் போனார்கள். கடைசியில் அந்தக் கனமான வண்டியை மணலில் தள்ளிக்கொண்டே வேலி வரைக்கும் வந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் தண்ணீர் பாட்டிலோடு நின்ற ஃபராஸ் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளினான்.

மறுநாள் வண்டியை ஈக்காட்டுத்தாங்கலுக்குக் கொண்டுபோனாள். அங்கே லேத் பட்டறைகளுக்கு நடுவே, தகரக் கூரைக்குக் கீழே அய்யாதுரையின் ஒர்க்‌ஷாப் இருந்தது. பந்தய வண்டிகளுக்கு வேலை செய்பவர் என்று பேர் வாங்கியவர். அந்தப் பேரை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். ஏற்கெனவே பிளக் மாற்றியிருந்தார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார். வால்வு இடைவெளி சரிபார்த்திருந்தார். ஒவ்வொரு தடவையும் வண்டியை விட்டுவிட்டுப் போனால், மறுநாள் காலையில் அவர் வந்து உதைப்பார். ஒரே உதையில் பிடிக்கும்.

இந்தத் தடவையும் அப்படித்தான். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"வண்டி சொக்கத் தங்கம் மா. அதுல ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் கிக் அடிக்க வரல. கோச்சிக்காத, இது ஆம்பளைங்களுக்கே கஷ்டமான கிக்கு."

தபஸ்ஸும் கோபித்துக்கொள்ளவில்லை. சரிண்ணா என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே வந்தாள். இதை ஃபராஸிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்துத்தான்.

அடையாறு கல்யாணத்துக்கு மறுநாள் காலை, ஃபராஸ் கிளினிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவள் கைபேசியை அவனிடம் நீட்டினாள். வண்டியை விற்பதற்கு எழுதிய விளம்பரம். படமெல்லாம் அழகாக எடுத்துப் போட்டிருந்தாள். கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'நல்ல வண்டி. சூடானால் சில சமயம் ஸ்டார்ட் ஆகாது.'

"இப்படிப் போட்டா எவன் வாங்குவான்?"

"பொய் சொல்லி விக்கச் சொல்றீங்களா?"

"விக்கவே வேணாங்குறேன்."

"நீங்க எதுக்குங்க வேணாங்குறீங்க? உங்களுக்குத்தான் அதைப் பாத்தாலே பயமாச்சே."

"வண்டியப் பாத்துதான் பயம். நீ ஓட்டுறதப் பாத்தா பயம் இல்ல." அவன் செருப்பை மாட்டாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "அந்த மேட்டுல இருந்து நீ எழும்பும்போது நான் மூச்சு விடுறதில்ல. ஆனா கண்ணை மட்டும் மூடினதே இல்ல, தபஸ்ஸு."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தன் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொன்னான். மயிலாப்பூரில் வேதாந்தம் என்று ஒருவர். முழங்கால் வலி. கட்டிலில் படுக்கவைத்து எங்கே அழுத்தினாலும், "இப்ப ஒண்ணுமே இல்லையே. ஆத்துல மாடிப்படி எறங்கறச்சே மட்டும்தான் வலிக்கறது," என்பாராம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது ஃபராஸ் அவரைக் கட்டிலில் ஏற்றவே இல்லை. கிளினிக் மாடிப்படிக்குக் கூட்டிப்போய், இறங்கச் சொல்லிக் கூடவே இறங்கினான். எந்தப் படியில் முகம் சுளிக்கிறார், அப்போது கால் எப்படித் திரும்புகிறது என்று பார்த்தான். அப்புறம் வைத்தியம் சுலபமாகிவிட்டது.

"அய்யாதுரை அண்ணன் கட்டில்ல படுக்க வெச்சுப் பாக்குறாரு," என்றான் ஃபராஸ். "ராத்திரி பூரா ஆறின வண்டி. காலையில அதுக்கு எங்க வலிக்கும்? வலிக்கும்போது அவரு முன்னாடி நிறுத்தணும்."

தபஸ்ஸும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளும் மனதில் சேர்ந்திருந்ததையெல்லாம் அவள் சொல்லத் தொடங்கினாள். சிக்னலில் நிறுத்தி உடனே உதைத்தால் பிடிக்கும். ராத்திரி முழுக்க நின்றாலும் பிடிக்கும். நடுவில்தான் சிக்கல். கடையில் ஏதாவது வாங்கிவிட்டு வரும் நேரம், ஒரு டீ குடிக்கும் நேரம். இன்னொன்றும் சொன்னாள். ஒரு தடவை அடையாறு பாலத்தின் மேல் நெரிசலில் வெகுநேரம் நிறுத்திவைத்தபோது, கிக்கில் பிடிக்காத வண்டி, இறக்கத்தில் உருட்டி கிளட்சை விட்டதும் சட்டென்று பிடித்துக்கொண்டது. அதை அய்யாதுரையிடமும் சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை.

"அப்ப நாம அவரு கடைக்குப் போயி டீ குடிப்போம்," என்றான் ஃபராஸ்.

சனிக்கிழமை போனார்கள். சைதாப்பேட்டை தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து போய் நின்று, டீ குடித்து, அய்யாதுரை முன்னால் உதைத்தால், ஒரே உதையில் பிடித்தது. மழைத் தண்ணீர் இன்ஜினைக் குளிரவைத்துவிட்டது என்று தபஸ்ஸும் சொல்ல வாயெடுத்தாள்.

அய்யாதுரை கை காட்டி நிறுத்தினார். "பாத்தியா? நான்தான் சொன்னேனே. கிக்கு இப்போ வந்துக்கினு கீது. நல்லா பழகிட்ட."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல வெயில். இந்தத் தடவை ஷாகிராவும் கிளம்பிவிட்டார். "அன்னிக்கு சாவியத் திருப்பினது நான். எனக்கு என்னன்னு தெரிஞ்சாகணும்," என்றார். அவரும் ஃபராஸும் ஆட்டோவில் வர, தபஸ்ஸும் வண்டியில் முன்னால் போனாள். வேண்டுமென்றே நேராகப் போகாமல் பனகல் பூங்காவைச் சுற்றி, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனாள். ஃபராஸின் மடியில், வீடுகளுக்குப் போய் வைத்தியம் பார்க்கும்போது அவன் கொண்டுபோகும் பை இருந்தது. அதில் உறையவைத்த ஐஸ் பேக்குகள். எதற்கு என்று ஷாகிரா கேட்டதற்கு, "வீக்கம், வலின்னா முதல்ல இதான்மா வெப்போம். வண்டிக்கும் வெச்சுப் பாப்போம்," என்றான்.

"உங்க வாப்பா இருந்திருந்தா உன்னைப் பைத்தியம்னு சொல்லியிருப்பாரு," என்றார் ஷாகிரா. ஆனால் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். எதிர்க் கடையில் டீ சொன்னார்கள். அய்யாதுரைக்கும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை என்பதால் லேத் பட்டறைகள் மூடிக் கிடந்தன. தெரு அமைதியாக இருந்தது. தபஸ்ஸும் டீயைக் குடிக்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் உதைத்தாள்.

பிடிக்கவில்லை.

இன்னொரு உதை. பிடிக்கவில்லை.

"ஆகல!" அவள் துள்ளிக் குதித்தாள். "அண்ணா, பாருங்கண்ணா! ஸ்டார்ட் ஆகல!" பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய மாதிரி முகம் பூரித்திருந்தது. ஃபராஸ் கை தட்டினான். டீக்கடைக்காரர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்.

"தள்ளும்மா, நான் பாக்குறேன்." அய்யாதுரை சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உதைத்தார். நின்று உதைத்தார். ஏறி உதைத்தார். சோக்கைத் திறந்து, மூடி, ஆக்ஸிலேட்டரை முறுக்கி உதைத்தார். முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது ஷாகிரா அக்கறையாகக் கேட்டார்.

"உங்களுக்கும் கிக் அடிக்க வரலீங்களா?"

முதலில் சிரித்தது அய்யாதுரைதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரியா குடுத்தீங்கம்மா," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் டூல்ஸ் எடுத்து வந்தார். இப்போது அவர் வேறு ஆளாக இருந்தார். பேச்சு நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றி, இன்ஜின் உடம்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தபஸ்ஸுமை உதைக்கச் சொன்னார். நிழலுக்காகக் கையைக் குவித்துப் பார்த்தார்.

"பொறியே இல்ல. பெட்ரோலு நல்லா வர்து, பொறிதான் இல்ல. இத்தினி நாளு கார்புரேட்டரப் போட்டு நோண்டிக்கினு இருந்தேன் பாரு." தலையில் தட்டிக்கொண்டார். "கரண்டு ஃபால்ட்டு. ஆனா எதுல? டேங்குக்கு அடில கீற காயிலா, சீட்டுக்கு அடில கீற சின்ன பெட்டியா, இன்ஜினுக்கு உள்ள கீறதா? ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கணும்."

"அண்ணா, கழட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாக்கலாமா?" ஃபராஸ் தயங்கித் தயங்கி ஐஸ் பேக்கை எடுத்தான். "சூட்டுலதான் இது வேலை செய்யலன்னா, எதைக் குளிர வெச்சா வேலை செய்யுதோ அதுதானே..."

அய்யாதுரை அந்த நீல நிறப் பையைப் பார்த்தார். ஃபராஸைப் பார்த்தார். "இது இன்னா டாக்டர், முட்டியா?"

"முட்டி மாதிரிதாண்ணா."

அவர் தோளைக் குலுக்கினார். "வெய்யி. ஐஸ் வெச்சா வண்டிக்கு இன்னா ஜுரமா வரப்போவுது."

முதலில் டேங்குக்கு அடியில் இருந்த காயிலுக்கு வைத்தார்கள். காத்திருந்தார்கள். தபஸ்ஸும் உதைத்தாள். பொறி இல்லை. அடுத்து சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டி. அதுதான் என்று அய்யாதுரை அடித்துச் சொன்னார். அதுவும் இல்லை. அதற்குள் வண்டியே ஆறிவிட்டால் எல்லாம் பாழ். தபஸ்ஸும் கையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். இன்ஜினின் இடது பக்க மூடியில் விரல் பட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"இங்க இன்னும் கொதிக்குதுண்ணா. இதுக்குள்ள என்ன இருக்கு?"

"மேக்னட்டு. அப்பால..." அய்யாதுரையின் குரல் இழுத்தது. "அப்பால பிக்அப் காயிலு. எப்போ பொறி விடணும்னு சொல்றது அதான். ஐஸ இங்க குடு."

ஃபராஸ் துண்டில் சுற்றிய ஐஸ் பேக்கை அந்த மூடியின் மேல் அழுத்திப் பிடித்தான். உண்மையிலேயே ஒருவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பவன் போல, மண்டியிட்டு, பொறுமையாக. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. ஷாகிரா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அய்யாதுரை பிளக்கைத் திரும்ப மாட்டினார்.

"அடிம்மா," என்றார்.

தபஸ்ஸும் உதைத்தாள். வண்டி பிடித்துக்கொண்டது.

ஷாகிரா, "அல்ஹம்துலில்லா!" என்று கத்தினார். ஃபராஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தபஸ்ஸும் ஓடும் வண்டியின் மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அய்யாதுரை மட்டும் கையை நீட்டி இன்ஜினை நிறுத்தினார்.

"ஒரு வாட்டி ஆனா நம்ப மாட்டேன். மறுபடியும் சூடு பண்ணிக்கினு வா."

அவள் கிண்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். மறுபடி நிறுத்தினார்கள். மறுபடி டீ. மறுபடி பிடிக்கவில்லை. மறுபடி அந்த இடத்தில் மட்டும் ஐஸ். மறுபடி ஒரே உதை. அய்யாதுரை ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"ஓடச் சொல்லோ இன்ஜின் வேகமா சுத்துது, அந்தக் காயிலு சூட்டுல நொந்து போயிருந்தாலும் சமாளிச்சுக்குது. நின்னப்புறம் காத்து இல்ல, உள்ள சூடு இன்னும் ஏறுது. அப்போ நாம மெதுவா கிக் அடிச்சா, அதுக்கு சத்து பத்தல. பாலத்து எறக்கத்துல உருட்டிவுட்டா பிடிச்சுதுன்னு நீ சொன்னியே மா, அது இதான். வேகமா சுத்துச்சு, பிடிச்சுக்குச்சு. அன்னிக்கே நீ சொன்னத நான் காதுல போட்டுக்கினு இருந்தா..." கொஞ்சம் நிறுத்தினார். "உன் கிக்குல ஒரு கொறையும் இல்ல. நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"பரவாயில்லண்ணா" என்றாள் தபஸ்ஸும். பிறகு, "மாமி ஒருத்தங்களுக்காகவாவது இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க," என்றாள். ஷாகிரா, "எனக்கு நல்லாவே கேட்டுச்சு," என்றார்.

அந்த மாடல் வண்டி இப்போது வருவதில்லை. அய்யாதுரை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளெல்லாம் அலைந்து ஒரு காயிலைப் பிடித்தார். அதையும் சும்மா வாங்கி வரவில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு, டீக்கடை வெந்நீரில் முக்கிவைத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாராம். இதை அவரே பெருமையாகப் போனில் சொன்னார். "டாக்டருக்குச் சொல்லு, நானும் வைத்தியம் கத்துக்கினேன்."

பந்தயத்தன்று திருப்போரூர் மைதானத்தில் காற்றே இல்லை. தபஸ்ஸும் தொடக்கக் கோட்டில் போய் நின்றாள். ஷாகிரா ஒரு குடையும் டிபன் கேரியரும் வைத்துக்கொண்டு வேலி ஓரம் நின்றார். அய்யாதுரை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரை வெள்ளைச் சட்டையில் யாரும் பார்த்ததில்லை.

கொடி இறங்கியது. புழுதியில் யார் எங்கே என்றே தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் அவள் நடுவில் எங்கோ வந்துகொண்டிருந்தாள். அடுத்த சுற்றில், மணல் திருப்பத்தில், பின்சக்கரம் விலகியது. அவள் விழுந்தாள். வண்டி அவளுக்கு அந்தப் பக்கம் விழுந்து அணைந்தது.

ஷாகிராவின் கை ஃபராஸின் கையைப் பற்றியது. அவர் நகம் அவன் தோலில் பதிந்தது. தபஸ்ஸும் எழுந்தாள். காலைத் தேய்த்துக்கொண்டாள். வண்டியை நிமிர்த்தினாள். அதன் இன்ஜின் மேல் அனல் அலையடிப்பது வேலிக்கு இந்தப் பக்கம்கூடத் தெரிந்தது. இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் கிக்கரில் காலை வைத்தாள்.

உதைத்தாள். பிடித்தது.

அய்யாதுரை போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஃபர்ஸ்ட்டு வந்துட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார். "இல்ல நைனா, ஸ்டார்ட் ஆயிடுச்சு!" என்றார் அவர். கேட்டவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் முடித்தது கடைசிக்கு முந்தின இடம். எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது, கண்களைத் தவிர முகமெல்லாம் செம்மண். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஃபராஸ் வேலியைத் தாண்டப் பார்த்து, தாண்ட முடியாமல் சுற்றிக்கொண்டு ஓடினான்.

"அடி பட்டுச்சா?"

"இல்லங்க. கைதான்." அவள் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். கைப்பிடியை இறுக்கி இறுக்கி, விரல்கள் மடங்க மறுத்து நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் நிழலில் அவளை உட்காரவைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மெதுவாக நீவிவிட்டான். அய்யாதுரை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கெங்கே அடி பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வளைந்த கிளட்ச் லீவரை நிமிர்த்திவிடலாமென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஷாகிரா டிபன் கேரியரைத் திறந்தார். நெய்ச்சோறும் கறிக்குழம்பும். தட்டை மருமகள் முன்னால் வைத்தார். தபஸ்ஸும் ஒரு கவளத்தை எடுக்கப் பார்த்தாள். விரல் சேரவில்லை, சோறு வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி முயன்றாள். அதுவும் விழுந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இரு, இரு." ஷாகிரா அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். புடவை அழுக்காவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. சோற்றைப் பிசைந்து, கறியைப் பிய்த்து உள்ளே வைத்து, உருட்டி அவள் வாயருகே கொண்டுபோனார்.

"மாமி, வாயெல்லாம் மண்ணு."

"மண்ணோடயே சாப்புடு. வாயைத் திற."

அவள் வாயைத் திறந்தாள். ஃபராஸ் தன் பங்குக்கு வாயைத் திறந்து நீட்டினான். "உனக்குக் கை நல்லாத்தானே இருக்கு?" என்று அதட்டிக்கொண்டே ஷாகிரா அவனுக்கும் ஒரு உருண்டை கொடுத்தார். அடுத்த பந்தயத்துக்கான அறிவிப்பு ஒலிபெருக்கியில் கரகரத்தது. அய்யாதுரை வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கறையோடு வந்து, எனக்கு இல்லையா என்று கேட்டு, அவர்களோடு உட்கார்ந்தார்.